எத்தனை மணிக்கு வருவீர்கள்? ரங்கூனிலிருந்து ஊருக்கு, விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முழு வழிகாட்டி

ஊரில் ஒரு சாவு விழுந்தால் ரங்கூனுக்கு வரும் முதல் ஃபோனில் அழுகை இருக்கும். இரண்டாவது ஃபோனில் கேள்வி இருக்கும்: "எத்தனை மணிக்கு வருவீங்க? எடுத்துறலாமா, வைக்கணுமா?"

என் பெரியப்பா இறந்த அன்று அந்த இரண்டாவது ஃபோனை எடுத்தவன் நான். "நாளைக்குச் சாயந்திரம் நாலு மணிக்குள்ள வந்துருவோம்" என்று சொன்னேன். இரண்டு விமானங்களும் பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டிச் சொன்ன பதில் அது. நடுவில் காத்திருக்கும் நேரம், கடிகார வித்தியாசம், சென்னையிலிருந்து காரைக்குடிப் பக்கம் போகும் சாலை எதையும் சேர்க்கவில்லை. சொன்ன சொல்லை நம்பி நான்கு மணி வரை வைத்திருந்தார்கள், அப்புறம் இருட்டும் வரை பார்த்தார்கள், அதற்கு மேல் முடியாமல் எடுத்துவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. வாய்க்கரிசி போடக் கொடுத்துவைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். கஷ்டமான கணக்கில்லை. ஒரு ஃபோன், ஒரு தாள், பள்ளியில் படித்த கொஞ்சம் கணிதம் போதும். ரங்கூன்–சென்னையை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். ஆசியாவின் எந்த இரண்டு ஊர்களுக்கும் இதே வழிதான்.

முதல் படி: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

ஊருக்கும் ஊருக்கும் இடையே அளக்காதீர்கள். விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே அளக்க வேண்டும். ரங்கூன் என்று வரைபடத்தில் தேடினால் சூலே பகோடா பக்கம் புள்ளி விழும். விமானம் புறப்படுவதோ நகர மையத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, மிங்கலாடோனில். சென்னை என்று தேடினால் கோட்டைப் பக்கம் காட்டும். இறங்குவது மீனம்பாக்கத்தில்.

குழப்பம் வராமலிருக்க விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும். நமக்கு ஆர்-ஜி-என், சென்னைக்கு எம்-ஏ-ஏ. ரங்கூன் யாங்கோன் ஆகிவிட்டது, மெட்ராஸ் சென்னை ஆகிவிட்டது. ஆனால் குறியீட்டில் இரண்டும் பழைய பெயரிலேயே இருக்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர்களே இன்றும் டிக்கெட்டில் வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசுக்கு இதமாக இருக்கும். திருச்சிக்கு டி-ஆர்-இசட், சிங்கப்பூருக்கு எஸ்-ஐ-என், கோலாலம்பூருக்கு கே-யு-எல், பாங்காக் சுவர்ணபூமிக்கு பி-கே-கே.

அடுத்து அந்த நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. மிங்கலாடோன் 16.91 வடக்கு, 96.13 கிழக்கு. மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. முதலில் வருவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. ஃபோன் வரைபடத்தில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இந்த இரண்டு எண்களும் வரும்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சில அட்டவணைகளில் மிங்கலாடோனை "16 டிகிரி 54 நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். அதை 16.54 என்று எழுதிவிடக் கூடாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 54-ஐ 60-ஆல் வகுத்தால் 0.9. ஆக அது 16.9. தப்பாக எழுதினால் விமான நிலையம் 40 கிலோமீட்டர் தெற்கே போய்விடும்.

இரண்டாம் படி: தூரத்தை அளப்பது

ஃபோனிலேயே அளக்கலாம். கூகுள் வரைபடத்தில் மிங்கலாடோன் மேல் அழுத்திப் பிடித்து ஊசிக் குறி விழச் செய்யுங்கள். கீழே வரும் விவரங்களில் தூரத்தை அளக்கும் வசதி இருக்கும். அதைத் தொட்டு, வரைபடத்தை நகர்த்திச் சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால் கிலோமீட்டர் கணக்கு திரையின் கீழே ஓடும். கணினி என்றால் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் அதே வசதி. கிரேட் சர்க்கிள் மேப்பர் என்றொரு தளமும் இருக்கிறது. இரண்டு குறியீடுகளையும் நடுவில் ஒரு கோடு போட்டு எழுதினால் தூரமும் படமும் வந்துவிடும். இணையம் ஒழுங்காக வரும் நாளில் இதுவே போதும்.

ஆனால் நம் ஊரில் கரண்டும் இணையமும் எப்போது இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கையால் போடத் தெரிந்திருப்பது நல்லது. நான் போடும் முறை இது.

பூமியில் வடக்கு தெற்காக ஒரு டிகிரி நகர்ந்தால் சுமார் 111.2 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு டிகிரி நகர்ந்தால் பூமத்திய ரேகையில்தான் அதே அளவு. மேலே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவருவதால் குறையும். எவ்வளவு குறையும் என்பதை அந்த அட்சரேகையின் கொசைன் சொல்லும்.

அட்சரேகை வித்தியாசம்: 16.91-லிருந்து 12.99-ஐக் கழித்தால் 3.92. அதை 111.2-ஆல் பெருக்கினால் 436 கிலோமீட்டர். சென்னை நமக்கு அவ்வளவு தெற்கே இருக்கிறது.

தீர்க்கரேகை வித்தியாசம்: 96.13-லிருந்து 80.17-ஐக் கழித்தால் 15.96. அதை 111.2-ஆல் பெருக்கி, இரண்டு ஊர்களின் நடு அட்சரேகையான 14.95-இன் கொசைனாலும் பெருக்க வேண்டும். அந்தக் கொசைன் 0.966. விடை 1714 கிலோமீட்டர். சென்னை நமக்கு அவ்வளவு மேற்கே.

இப்போது பள்ளியில் படித்த பிதாகரஸ். 436-இன் வர்க்கத்தையும் 1714-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1769. இதுதான் ரங்கூனுக்கும் சென்னைக்கும் நேர்த் தூரம். 1,770 என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கால்குலேட்டரில் கொசைன் போடும்போது அது டிகிரி முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 60-க்குக் கொசைன் போட்டால் 0.5 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் முறையை மாற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

தூரம் அதிகமாகும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும், ஏனென்றால் உருண்டையான பூமியை இது தட்டையாக நினைத்துக்கொள்கிறது. ரங்கூன்–சென்னைக்கு அந்தப் பிசகு கண்ணுக்கே தெரியாது. டெல்லி–டோக்கியோவுக்குப் போட்டால் 6,010 கிலோமீட்டர் வரும். உண்மையான தூரம் 5,910 அளவுதான். 100 கிலோமீட்டர் கூடிவிட்டது. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, தட்டையான வரைபடத்தில் வடக்கே வளைந்த கோடாகத் தெரியும். அதனால் சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கும் பழக்கமும் வேண்டாம்.

நீண்ட தூரத்துக்கு உருண்டைக் கணக்கே சரி. இரண்டு அட்சரேகைகளின் சைன்களை ஒன்றோடொன்று பெருக்குங்கள். தனியாக, இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். வரும் எண் எந்தக் கோணத்தின் கொசைன் என்று கண்டுபிடித்து, அந்தக் கோணத்தை 111.2-ஆல் பெருக்கினால் தூரம். நம் எடுத்துக்காட்டில் கூட்டினால் 0.9617 வரும். அதற்குரிய கோணம் 15.9 டிகிரி. தூரம் மறுபடியும் 1,768 பக்கம். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நம்பலாம்.

இந்த 15.9-ஐ 60-ஆல் பெருக்கினால் 954. அத்தனை கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது பூமிமேல் ஒரு நிமிடக் கோணம், 1,852 மீட்டர். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் கப்பல் இந்தத் தூரத்தைக் கடக்க 80 மணி நேரம் ஆகும். மூன்று பகலும் மூன்று இரவும் போய், நான்காம் நாளும் கொஞ்சம். என் தாத்தா கப்பலில் வந்தவர். வங்காள விரிகுடா அவருக்கு எத்தனை பெரியதாக இருந்திருக்கும் என்பது இந்த எண்ணைப் போட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாம் படி: தூரத்தை நேரமாக்குவது

ஏ320, 737 மாதிரியான ஜெட் விமானம் உயரத்தில் ஓடும்போது மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் போகும். ஆனால் 1,769-ஐ 830-ஆல் வகுத்து "2 மணி 8 நிமிடம்" என்று சொன்னால் தப்பு. ஓடுபாதை வரை ஊர்ந்துபோக வேண்டும், முறைக்குக் காத்திருக்க வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, இறங்கிய பிறகு வாசலுக்கு உருண்டுவர வேண்டும். வானத்திலும் விமானம் நாம் போட்ட கோட்டிலேயே போகாது. குறிக்கப்பட்ட வான்வழிகளில் வளைந்துதான் போகும். நம் கோடு ஐராவதி டெல்டாவின் மேல் பத்தேன் பக்கமாகப் போய்க் கடலில் இறங்கி நேரே சென்னையில் கரையேறும். விமானி போகும் வழி அதைவிடச் சில பத்து கிலோமீட்டராவது கூடும்.

இதையெல்லாம் சேர்த்து நான் வைத்திருக்கும் கணக்கு: தூரத்தை 800-ஆல் வகு, அரை மணி நேரம் கூட்டு. ரங்கூன்–சென்னைக்கு 2 மணி 13 நிமிடத்தோடு 30 நிமிடம், அதாவது ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம்.

இந்த ஒரு கணக்கு நம்மவர்கள் போகும் மற்ற வழிகளுக்கும் ஒத்துவருகிறது. பாங்காக் 611 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கோலாலம்பூர் 1,690 கிலோமீட்டர், 2 மணி 35 நிமிடம். சிங்கப்பூர் 1,930 கிலோமீட்டர், 2 மணி 55 நிமிடம். பாங்காக்கைக் கவனியுங்கள். ஒன்றேகால் மணியில் அரை மணி நேரம் தரைக்கும் ஏற்ற இறக்கத்துக்குமே போய்விடுகிறது. தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்று நினைக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

உள்நாட்டில் மண்டலே போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் விமானம் விசிறி வைத்தது, மணிக்கு 500 கிலோமீட்டர்தான். அதற்கு 800 போட்டுக் கணக்குப் பண்ணாதீர்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே வாசலில் நிற்கும் வரை. சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து அல்ல. ஃபிளைட்ரேடார்24 மாதிரியான தளத்தில் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களாக அது உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்க்கலாம். அட்டவணையைவிட நான் அதைத்தான் நம்புவேன். ஒரு வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் விமானம் என்றால், ஐந்தாவது நாளும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

காற்று என்ன செய்யும்?

ஒரே விமானம், ஒரே தூரம். ஆனால் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம். இதில் காற்றுக்குப் பங்கு உண்டு, அதுவும் நம் வழியில் சுவையான பங்கு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, நமக்கு இங்கே மழை கொட்டும் காலத்தில், தரையில் தென்மேற்குக் காற்று அடிக்கும். ஆனால் தலைக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடும். தென்சீனக் கடல் பக்கத்திலிருந்து வங்காள விரிகுடாவையும் தென்னிந்தியாவையும் கடந்து ஆப்பிரிக்கா வரை போகும் ஆறு மாதிரி. அதன் நடுக்கோடு ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையிலேயே போகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பயணிகள் விமானம் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் போவதால் அதன் முழு வேகமும் கிடைக்காது. ஆனாலும் பங்கு கிடைக்கும்.

எதிர்க்காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 830-இல் 80-ஐக் கழித்தால் 750. 1,769 கிலோமீட்டருக்கு 2 மணி 22 நிமிடம். அதே காற்று முதுகில் அடித்தால் 910. 1 மணி 57 நிமிடம். வித்தியாசம் 25 நிமிடம். ஆக மழைக்காலத்தில் சென்னைக்குப் போவது சீக்கிரம், திரும்புவது தாமதம். குளிர்காலத்தில் மேலே மேற்குக் காற்று வருவதால் தலைகீழ். மேற்குக் காற்றின் பெரும்பலம் வட இந்தியாவுக்கு மேலேதான் இருக்கும் என்பதால் கல்கத்தா, டெல்லி வழி போகிறவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

நான்காம் படி: கடிகாரம்

இருப்பதிலேயே அதிகம் பேர் தவறும் இடம் இதுதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழிக்கக் கூடாது.

நம் நேரம் கிரீன்விச்சைவிட ஆறரை மணி முன்னே. 97 டிகிரி 30 நிமிடத் தீர்க்கரேகையை வைத்து வந்தது. இந்தியாவின் ஐந்தரை மணி 82 டிகிரி 30 நிமிடத்தை வைத்து வந்தது. இரண்டுக்கும் நடுவே சரியாக 15 டிகிரி, பூமி அதைச் சுற்றுவதற்குச் சரியாக ஒரு மணி நேரம். அதனால் இங்கே மணி 10 என்றால் சென்னையில் 9.

ரங்கூனில் காலை 10 மணிக்குக் கிளம்பும் நேரடி விமானம் 2 மணி 45 நிமிடம் பறந்தால் சென்னையில் 11:45 என்று அச்சாகியிருக்கும். பார்த்தவர் "ஒன்றேமுக்கால் மணி நேரம்தான்" என்பார். மதியம் 1 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் ரங்கூனில் 4:45 என்று இருக்கும். "திரும்பி வர மூன்றேமுக்கால் மணி நேரமா?" என்பார். இரண்டுமே 2:45-தான்.

தப்பே வராத வழி: இரண்டு நேரங்களையும் கிரீன்விச் நேரமாக மாற்றுங்கள். ரங்கூன் நேரத்திலிருந்து 6:30 கழியுங்கள், இந்திய நேரத்திலிருந்து 5:30 கழியுங்கள். அப்புறம் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் உண்மையான பயண நேரம். இலங்கைக்கு 5:30, நேபாளத்துக்கு 5:45, வங்காளதேசத்துக்கு 6, தாய்லாந்துக்கு 7, மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் 8, துபாய்க்கு 4. இந்த நாடுகள் எதிலும் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றுவது இல்லை. ஒருமுறை எழுதி வைத்தால் வருடம் முழுவதும் அதுதான்.

வயதானவர்கள் சிலர் "சிங்கப்பூர் நமக்கு ஒரு மணி நேரம்தான் முன்னே" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. 1981 முடியும்வரை மலேசியாவும் சிங்கப்பூரும் ஏழரை மணி நேரத்தில்தான் இருந்தன. 1982 ஜனவரி 1 முதல் எட்டுக்கு மாறின. இப்போது வித்தியாசம் ஒன்றரை மணி.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக "+1" இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். ஃபோன் திரையில் கண்ணில் படாமல் போய்விடும். முகூர்த்த நாளுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: நடுவில் இறங்கி மாறுவது

சென்னைக்கு நேரடி விமானம் எல்லாப் பருவத்திலும் எல்லா நாளும் இருக்காது. இல்லாத நாளில் பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று கிழக்கே போய் மேற்கே திரும்ப வேண்டும். இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். பாங்காக் வழி 611-உம் 2,228-உம் சேர்ந்து சுமார் 2,840 கிலோமீட்டர். கோலாலம்பூர் வழி 1,690-உம் 2,630-உம் சேர்ந்து 4,320. சிங்கப்பூர் வழி 1,930-உம் 2,930-உம் சேர்ந்து 4,860. கல்கத்தா வழி கிடைத்தால் 2,415-தான், திசையும் ஓரளவு சரி.

தூரத்தைப் பார்த்து மட்டும் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நடுவில் எவ்வளவு நேரம் என்பதே முடிவு செய்யும். சிங்கப்பூர் வழியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். காலை 10 மணிக்குக் கிளம்பி 2:55 பறந்தால் நம் கடிகாரத்தில் 12:55, சிங்கப்பூர்க் கடிகாரத்தில் 2:25. அடுத்த விமானம் மாலை 6 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பு 3 மணி 35 நிமிடம். சென்னைக்கு 4 மணி 10 நிமிடம். சிங்கப்பூர்க் கணக்கில் இரவு 10:10, சென்னையில் 7:40. சரிபார்ப்போம்: காலை 10-இல் 6:30 போனால் 3:30. இரவு 7:40 என்பது 19:40, அதில் 5:30 போனால் 14:10. வித்தியாசம் 10 மணி 40 நிமிடம். 2:55, 3:35, 4:10 மூன்றையும் கூட்டினாலும் அதே 10:40. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கடிகாரத்தில் தப்பு செய்திருக்கிறோம்.

பாங்காக் வழி போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமி, டோன் முவாங். மலிவு டிக்கெட்டில் ரங்கூன் விமானம் டோன் முவாங்கில் இறங்கி, சென்னை விமானம் சுவர்ணபூமியில் கிளம்பலாம். நடுவே பாங்காக்கின் போக்குவரத்து முழுவதையும் கடக்க வேண்டும், தாய்லாந்துக்குள் நுழையும் அனுமதியும் வேண்டும். மூன்றெழுத்துக் குறியீடு இரண்டு டிக்கெட்டிலும் ஒன்றா என்று பாருங்கள்.

இரண்டு துண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக வாங்கினால் பொறுப்பு நம்முடையது. பெட்டியை எடுத்து மறுபடி பதிய வேண்டும் என்பதால் நான் நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து ஒப்புக்கொள்வதில்லை.

ஆறாம் படி: வாசலிலிருந்து வாசல்

இதைச் செய்யாததால்தான் நான் பெரியப்பாவைப் பார்க்காமல் போனேன். விமான நேரம் என்பது பயண நேரத்தில் ஒரு துண்டு.

அனவ்ரதா தெருக் காளி கோவில் பக்கம் வீடு என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னே போக வேண்டும், அதாவது காலை 7 மணி. 15 கிலோமீட்டர்தான் என்றாலும் பியே ரோட்டில் நெரிசல் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். 5:45-க்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். இரவு ஊரடங்கு இருக்கும் நாட்களில் விடியற்காலை விமானம் என்றால் வண்டி கிடைப்பதே தனிக் கவலை. முந்தின நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சென்னையில் இரவு 7:40-க்கு இறங்கினால் குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 8:40. பர்மா பஜார் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர் விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறி முக்கால் மணி நேரத்தில் உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கிவிடலாம். காரைக்குடிப் பக்கம் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல் சாலை. டீக்கு நிறுத்தாமல் எந்த டிரைவரும் வர மாட்டார். ஏழரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வாசலில் போய் நிற்கும்போது விடியற்காலை 4:15.

காலை 5:45 ரங்கூன் நேரம் என்பது இந்திய நேரம் 4:45. அங்கிருந்து மறுநாள் 4:15 வரை 23 மணி 30 நிமிடம். இதில் விமானத்துக்குள் இருந்தது 7 மணி 5 நிமிடம்.

இப்போது அதே காலை விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து சென்னைக்குப் பதில் திருச்சிக்குப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டிலிருந்தும் திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. சிங்கப்பூர்–திருச்சி 2,985 கிலோமீட்டர், சென்னையைவிட 55 கிலோமீட்டர் கூடுதல். புறப்படும் நேரம் அதே மாலை 6 மணி என்று வைத்தால் திருச்சியில் இரவு 7:45. சின்ன நிலையம் என்பதால் முக்கால் மணியில் வெளியே. காரைக்குடிக்கு 90 கிலோமீட்டர், 2 மணி நேரம். இரவு 10:30-க்கு வாசலில். வானத்தில் 5 நிமிடம் கூடி, வீட்டுக்குப் போய்ச் சேருவதில் 5 மணி 45 நிமிடம் மிச்சம். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் வேர் உள்ளவர்கள் நம்மில் ஏராளம். பழக்கத்தால் எல்லோரும் "மெட்ராஸுக்கு ஒரு டிக்கெட்" என்றே கேட்கிறோம். தயவுசெய்து திருச்சியையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கடைசிப் படி: ஊருக்குச் சொல்லும் பதில்

கணக்கு முடிந்ததும் அதைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் எந்த ஊர்க் கடிகாரம் என்று எழுதுங்கள். பிறகு ஊருக்கு அனுப்பும் செய்தியில் இந்திய நேரத்தை மட்டும் போடுங்கள். அங்கே இருப்பவர்கள் துக்கத்திலோ கல்யாண வேலையிலோ இருப்பார்கள், அவர்களைக் கழித்துப் பார்க்க வைக்கக் கூடாது. தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். நள்ளிரவு தாண்டிச் சேருகிறீர்கள் என்றால் "புதன் விடிந்தால் வியாழன் காலை 4 மணி" என்று நம் பேச்சு வழக்கிலேயே எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒற்றை நேரம் சொல்லாமல் இரண்டு நேரம் சொல்லுங்கள்: எல்லாம் ஒழுங்காகப் போனால் எத்தனை மணி, தாமதமானால் எத்தனை மணி. நான் இரண்டாவதற்கு இரண்டு மணி நேரம் கூட்டுவேன். "எடுக்கலாமா, வைக்கலாமா" என்று கேட்டால் அந்த இரண்டாவது நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். அதுவரை வைக்க முடியாது என்று அவர்கள் சொன்னால், "எடுத்துருங்க, நாங்க காரியத்துக்கு வந்து சேந்துர்றோம்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

போன வருடம் சித்தி போனபோது எங்கள் தாளில் இருந்தது இவ்வளவுதான்: "திருச்சியில் இறங்குவது இரவு 7:45. வீட்டுக்கு 10:30, தாமதமானால் 12:30. காலையில் எடுக்கலாம்." 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.